பதிலைக் கேட்காத வரி

சுனந்தா மாவ்ஷியின் இரண்டு கைகளும் என் கைகளுக்குள் இருந்தன. மழை நாளிலும் அவள் உள்ளங்கை சுட்டது. அவளுடைய பச்சைக் கண்ணாடி வளையல்கள் என் மணிக்கட்டில் அழுந்தி வலித்தன.

செம்பூரில், குடிசைகளை இடித்துவிட்டுக் கட்டிய உயரமான கட்டடம் ஒன்றின் பதினோராவது மாடி. லிஃப்ட் வாசலில் நான் குப்புறப் படுத்திருந்தேன். அவள் எனக்குக் கீழே, பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருந்தாள். லிஃப்டின் தரை, மாடித் தரையைவிட மார்பளவு கீழே. அதன் கூரைக்கும் மாடித் தரைக்கும் நடுவில் ஒருவர் தவழ்ந்து வெளியே வரக்கூடிய சந்து. அந்தச் சந்து வழியாகத்தான் அவளை இழுத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே, அவளுக்குப் பின்னால் நின்று அவளைத் தூக்கிவிட்டவன் இசக்கிமுத்து. என்னோடு வேலை பார்ப்பவன். லிஃப்ட் மிஸ்திரி வாசலைச் சாவி போட்டுத் திறந்து கொடுத்துவிட்டு, மொட்டைமாடி மெஷின் ரூமுக்குப் படியேறிப் போய்விட்டார். கவலைப்படாதீர்கள், ஒரு தடவை அணைத்துப் போடுகிறேன் என்று படித் திருப்பத்திலிருந்து சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

"டென்ஷன் மத் லோ மேடம், ஆஃப்-ஆன் கர் தேதா ஹூம்."

பம்பாயில் எது நின்றாலும் இதுதான் வைத்தியம். டிவி, மிக்ஸி, தண்ணீர் மோட்டார், ஆபீஸ் கம்ப்யூட்டர் எதுவானாலும் ஒரு தடவை அணைத்துப் போடுவது. பாதி நேரம் பலிக்கும், அதனால்தான் யாரும் அதை விடுவதில்லை.

அன்றைக்கும் பலித்துவிடும் என்பதுதான் என் பயம். சுவிட்சை மறுபடி போட்டதும் லிஃப்ட் கீழே இறங்கும். வாசல் திறந்திருந்தாலும் இறங்கும். ஒருத்தி பாதி உடம்பு வெளியேயும் பாதி உள்ளேயுமாகக் கிடந்தால், அவள் முதுகின்மேல் அந்தக் கூரை இறங்கும்.

இது அந்தக் கட்டடத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தி நான். இன்னொருவன் உள்ளே இருந்த இசக்கி. லிஃப்டை அப்படி இறங்கச் சொல்லும் வரியை எழுதியவனே அவன்தான்.

காலாவுக்குள் ஒரு யுத்தம்

இந்தத் தொடரை இடையில் பிடித்தவர்களுக்கு: நான் விஜி. மாட்டுங்காவில் பிறந்தவள். அப்பா ரயில்வே குமாஸ்தா, பாலக்காட்டுப் பக்கத்து வேர். போன வாரம் ஒரு வாசகர், "கம்ப்யூட்டர்காரிக்கு எழுத என்ன இருக்கப் போகிறது, ஏசி ரூமில் உட்கார்ந்து பொத்தானைத் தட்டியிருப்பாள்" என்று எழுதியிருந்தார். அவருக்காகத்தான் இந்த வாரம்.

எங்கள் ஆபீஸ் காட்கோபரில், ஓர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில். அங்கே ஒவ்வொரு அறைக்கும் காலா என்று பெயர். பக்கத்துக் காலாவில் பிளாஸ்டிக் மூடி அடிப்பார்கள். அந்த நாற்றத்திலும் தட்தட் சத்தத்திலும்தான் நாங்கள் லிஃப்டுகளுக்கு மூளை எழுதினோம். ஏசி இருந்தது. ஓடாது.

மூளை என்றால் உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் பலகை. எந்த மாடியில் நிற்கிறோம், கதவு மூடியிருக்கிறதா, மோட்டாரை எப்போது விடலாம் என்று எல்லாம் அதுதான் பார்க்கும். அதற்குள் ஓடும் நிரலை ஸி மொழியில் எழுதுவோம். ஸி பழைய மொழி. ரொம்ப மரியாதையானது. நீங்கள் கிணற்றில் குதிக்கிறேன் என்றால் வழிவிட்டு நிற்கும்.

வேலையை இரண்டாகப் பிரித்திருந்தோம். லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது கவனிக்கும் பகுதி என்னுடையது. கரண்ட் வந்ததும் லிஃப்ட் கண்விழித்து, தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டு, அடுத்த கீழ்மாடிக்கு இறங்கி நிற்கும் பகுதி இசக்கியுடையது.

சண்டை முழுக்க ஒரே விஷயத்தில்தான். ஏதாவது தப்பாகப் போனால் நிரல் என்ன செய்யவேண்டும்?

ஸ்லோவா, ஃபாஸ்டா?

இதைப் புரிந்துகொள்ள ஸி தெரியவேண்டாம். தாதர் ஸ்டேஷன் தெரிந்தால் போதும்.

வண்டி வந்து நிற்கிறது. நீங்கள் சயான் போகவேண்டும். "ஸ்லோ ஹை கியா?", எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற வண்டியா என்று கதவில் தொங்குகிறவரிடம் கேட்கிறீர்கள். கேட்டுக்கொண்டே ஏறிவிடுகிறீர்கள். அவர் சொன்ன பதில் கூட்டத்தில் போயே போச்சு. வண்டி ஃபாஸ்ட். சயான் கண்முன்னால் ஓடி மறைகிறது, குர்லாவில் இறங்கித் திரும்பி வருகிறீர்கள்.

நிரலிலும் அப்படித்தான். "கதவு மூடியிருக்கிறதா, பார்த்து வா" என்று ஒரு வேலையை அனுப்புகிறோம். அது போய்ப் பார்த்துவிட்டு வந்து, பார்க்க முடிந்ததா இல்லையா என்றும் ஒரு பதில் சொல்லும். சென்சார் கம்பி நனைந்திருந்தால், "என்னால் பார்க்க முடியவில்லை" என்று சொல்லும். அந்தப் பதிலை நீங்கள் கேட்டால்தான் உண்டு.

கேட்காமல் விட்டால் கம்பைலர் முணுமுணுக்கும். நாம் எழுதியதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவதுதான் கம்பைலர். "இந்த வரியில் பதிலைப் பார்க்காமல் போகிறாயே" என்று மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கும். எங்கள் வாடிக்கையாளர்களுக்கோ மஞ்சள் எழுத்தே ஆகாது. ஓர் எச்சரிக்கை இருந்தாலும் பலகையை வாங்க மாட்டார்கள்.

அதற்கு எங்கள் காலாவில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வரிக்கு முன்னால் 'வாயிட்' என்று ஒரு சொல்லைப் போடுவது. "பதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், எனக்கு அது வேண்டாம்" என்று அர்த்தம். போட்டவுடன் கம்பைலர் வாயை மூடிக்கொள்ளும். எச்சரிக்கை பூஜ்யம். எல்லோருக்கும் சந்தோஷம். அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கோட்டூ என்கிற பாவம்

எனக்கு இந்த விஷயத்தில் கோபம் வருவது புதிதில்லை. காலேஜில் ஒரு புரொபஸர் 'கோட்டூ' என்ற கட்டளையைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துவார், ஏதோ வீட்டில் சொல்லக்கூடாத வார்த்தை மாதிரி. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நிரலைத் தாவச் சொல்வது அது. எழுதினால் மார்க் போச்சு.

முதல் வேலையில் சேர்ந்தால், பக்கத்து மேஜை ஹேதல் பக்கத்துக்குப் பக்கம் கோட்டூ எழுதிக்கொண்டிருந்தாள். "பாவம் பண்றே" என்றேன். அவள் டப்பாவிலிருந்து ஒரு தேப்லா ரொட்டியை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, "நீ ஊருக்குப் போகும்போது வீட்டை எப்படிப் பூட்டுவாய்?" என்று கேட்டாள்.

கேஸை மூடி, குழாயை மூடி, ஜன்னலைச் சாத்தி, கதவைப் பூட்டுவேன். டாக்ஸி வரவில்லை என்றால்? பூட்டைத் திறந்து, ஜன்னலைத் திறந்து, கடைசியாகக் கேஸைத் திறப்பேன். எந்தப் படியில் காரியம் கெட்டாலும் அங்கிருந்து வந்த வழியே ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு வரவேண்டும். அப்படி அவிழ்க்கும் வரிகளை ஒரே இடத்தில் வைத்து, எங்கே தப்பு வந்தாலும் அங்கே தாவுவதற்குத்தான் அவள் கோட்டூ எழுதினாள். அன்றையிலிருந்து நானும் அந்தப் பாவத்தை வஞ்சனையில்லாமல் செய்துவருகிறேன்.

ஆக, என் கட்சி இது: தப்பு வந்தால் நில். என்ன தப்பு என்று சொல். கையில் பிடித்ததை ஒழுங்காக விடு. நீயாக எதையும் நினைத்துக்கொண்டு மேலே போகாதே.

நிற்காதவன்

இசக்கியின் கட்சி வேறு. அவன் தாராவியில் வளர்ந்தவன், திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். வீட்டின் கீழ்த்தளத்திலேயே அவன் அண்ணன் பெல்ட், பர்ஸ் தைக்கும் பட்டறை வைத்திருந்தார். அங்கே எந்த மெஷினும் கெட்டுப்போய் நின்றதை நான் பார்த்ததில்லை. சுவிட்ச் போனால் இரண்டு கம்பியை முறுக்கி ஓட்டுவார்கள். பெடல் உடைந்தால் கயிறு. ஆர்டர் நிற்கக்கூடாது.

அவன் நிரலும் அப்படியேதான் எழுதுவான். ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்று. சென்சார் பதில் சொல்லவில்லையா, கடைசியாகச் சொன்னதை வைத்துக்கொண்டு ஓட்டு. கரண்ட் ஆட்டம் போடும் கட்டடங்களில் அவன் எழுதிய லிஃப்டுகள் ஜம்மென்று ஓடின. நான் எழுதியவை ஈ உட்கார்ந்தால் நின்றன. வாடிக்கையாளர்கள் போன் பண்ணித் திட்டும்போது என் பேரைக் கேட்டுத் திட்டினார்கள்.

நியாயமாகச் சொல்லவேண்டும், அவன் சோம்பேறி இல்லை. என்னைவிட வேகமானவன், என்னைவிடக் கெட்டிக்காரன். அதனால்தான் அவனோடு சண்டை போட எனக்குப் பிடிக்கும்.

அந்தக் காலையில்கூட காலாவில் அதே சண்டைதான். அவனுடைய தொடங்கும் பகுதியைத் திரையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். கதவைப் பார்த்து வரும் வரிக்கு முன்னால் வாயிட் உட்கார்ந்திருந்தது.

"இசக்கி, இங்கே பதில் வரலைன்னா என்ன ஆகும்?"

"ஆரம்பத்துல போட்டு வச்ச மதிப்பு இருக்கும்லா அக்கா."

"ஆரம்பத்துல என்ன போட்டு வச்சிருக்கே?"

"மூடியிருக்கு."

"அதெப்படி? பாக்க முடியலைன்னா பாக்க முடியலைன்னு சொல்லு. மூடியிருக்குன்னு நீயா வச்சுக்கறதா?"

"கதவு தொறந்திருந்தா சேஃப்டி செயின் கட் பண்ணிரும். மோட்டாருக்கு கரண்டே போவாது. பொறவு நான் எதுக்கு நின்னு அழணும்? ஒங்களுக்கு என்ன, லிஃப்ட் ஓடவே கூடாதா?"

சேஃப்டி செயின் என்பது நிரல் சம்பந்தமே இல்லாத ஒரு மின்சாரக் கம்பி வட்டம். எல்லா மாடிக் கதவுகளையும், உள்ளே இருக்கும் நிறுத்தும் பொத்தானையும் அதில் கோத்திருப்பார்கள். எங்கே ஒரு கதவு திறந்தாலும் வட்டம் அறுந்து மோட்டார் நின்றுவிடும். இசக்கி சொன்னதில் நியாயம் இருந்தது.

"செயின்தான் பாத்துக்கும்னா, நீ எதுக்குக் கதவைப் போய்க் கேக்கறே? அந்த வரியே வேண்டாமே, எடுத்துடு."

"எப்பமாச்சும் செயின்ல கோளாறுன்னா..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"அப்போ அன்னிக்குத்தானே இந்தப் பதில் வேணும்?"

அவன் முகம் சிவந்துவிட்டது. மேஜையைச் சுற்றி ஜூனியர்கள் பல்லைக் காட்டினார்கள். "அக்கா, சும்மா காலி-பீலி டைம் வேஸ்டு," என்று திரையை மூடினான். எங்கள் பாஸ் கண்ணாடிக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "அபி சைட் பே ஜாவோ தோனோ. வாபஸ் ஆகே லட்னா." முதலில் கட்டடத்துக்குப் போங்கள், வந்து சண்டை போடுங்கள் என்றார். நாங்களும் ஒரே ஆட்டோவில், ஆளுக்கொரு பக்கம் மழையைப் பார்த்துக்கொண்டு போனோம்.

மட்டம் பார்க்கும் வேலை

அந்தக் கட்டடத்தில் எங்கள் லிஃப்டைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கீழே "ட்ரயல், ஏறாதீர்கள்" என்று மராத்தியில் அட்டை மாட்டியிருந்தது. ஆனால் இன்னொரு லிஃப்ட் ரிப்பேர். பதினேழாவது மாடிக்காரர்கள் அட்டையையா படிப்பார்கள்?

நான் ஸ்கேலோடு பதினோராவது மாடியில் நின்றேன். லிஃப்ட் வந்து நிற்கும்போது அதன் தரையும் மாடித் தரையும் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. இசக்கி லேப்டாப் கம்பியை லிஃப்டின் பொத்தான் பலகைக்குள் செருகிக்கொண்டு கீழிருந்து வரவேண்டும். அவன் கதவை மூடப்போன சமயம் சுனந்தா மாவ்ஷி வெந்தயக்கீரைப் பையும் குடையுமாக உள்ளே நுழைந்துவிட்டாள். ஐம்பதைத் தாண்டிய, கனத்த உடம்புக்காரி. முழங்கால் வலி. மாவ்ஷி என்றால் மராத்தியில் சித்தி. கட்டடம் முழுக்க அவளை அப்படித்தான் கூப்பிட்டது. இசக்கி இறங்கச் சொல்லியிருக்கிறான். அவள் கேட்டால்தானே.

லிஃப்ட் ஏறி வந்தது. என் காலடிக்குக் கீழே ஒரு குலுக்கலோடு நின்றது.

நிறுத்தியது என் பகுதிதான். எங்கேயோ மழைத் தண்ணீர் கதவு சென்சாரின் கம்பியில் இறங்கியிருந்தது. "பார்க்க முடியவில்லை" என்று பதில் வந்தது. என் நிரல் நின்றுவிட்டது. நான் எழுதியபடிதான் நடந்தது.

ஆனால் உள்ளே மாட்டிக்கொண்டவளுக்கு அதெல்லாம் தெரியுமா? கதவைத் தட்டி, "வாச்வா! வாச்வா!" என்று கத்த ஆரம்பித்தாள். காப்பாற்றுங்கள் என்று. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக் கூப்பிட்டேன். மிஸ்திரி மூச்சு வாங்க ஏறி வந்து மாடிக் கதவைத் திறந்தார். இசக்கி உள்கதவைத் தள்ளித் திறந்தான். மிஸ்திரி தன் சாமான் பையை என் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆஃப்-ஆன் என்று சொல்லிக்கொண்டே மேலே போனார்.

அப்போதுகூட நான் கவலைப்படவில்லை. கதவு திறந்திருக்கிறது, செயின் அறுந்திருக்கும், எத்தனை தடவை சுவிட்சைப் போட்டாலும் மோட்டார் சுற்றாது. மாவ்ஷி கையை நீட்டினாள். நான் படுத்துக்கொண்டு பிடித்தேன்.

விளக்கு அணைந்தது

அவள் முழங்கைகள் மாடித் தரைக்கு வந்துவிட்டன. மார்பு வந்தது. இசக்கி கீழேயிருந்து தோள் கொடுத்துத் தூக்கினான். அப்போது அவன் கண் தரையில் கிடந்த லேப்டாப்பில் விழுந்திருக்கவேண்டும்.

"அக்கா." குரல் மாறியிருந்தது. "செயின் ஓகேன்னு காட்டுது."

"என்னது?"

"கதவு ரெண்டும் தொறந்து கெடக்கு. செயின் ஓகேன்னு காட்டுது அக்கா. மேல ஒயர் போட்டு வச்சிருக்காரு."

சோதனைக்காலத்தில் மிஸ்திரிகள் செய்கிற காரியம் அது. ஏதோ ஒரு மாடிக் கதவு சரியாகப் படியவில்லை என்றால், வேலை நிற்கக்கூடாதே என்று மெஷின் ரூமில் ஒரு துண்டு ஒயரால் செயின் முழுவதையும் சுற்றிவிடுவார்கள். சாயங்காலம் எடுத்துவிடுவேன் என்பார்கள். ஒயர் இருக்கும்வரை எந்தக் கதவு திறந்தாலும், உள்ளே நிறுத்தும் பொத்தானை அழுத்தினாலும் மோட்டாருக்குத் தெரியாது.

மிச்சம் இருந்தது நிரல் ஒன்றுதான். என் பகுதி நிறுத்திவைத்திருந்தது. கரண்டை அணைத்துப் போட்டால் என் பகுதி எல்லாவற்றையும் மறந்துவிடும். இசக்கியின் பகுதி கண்விழிக்கும். கதவைப் போய்ப் பார்க்கும். பார்க்க முடியவில்லை என்று பதில் வரும். அந்தப் பதிலை யாரும் கேட்க மாட்டார்கள். கதவு மூடியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு லிஃப்ட் கீழே இறங்கும்.

"மிஸ்திரீ! ஆன் மத் கர்னா!", சுவிட்சைப் போடாதீர்கள் என்று படிக்கட்டைப் பார்த்து அலறினேன். மழைச் சத்தம்தான் பதில். ஒரு கையை விடுவித்து, போனை எடுத்து அவர் நம்பரைத் தட்டினேன். என் காதுக்குப் பக்கத்தில், அவர் விட்டுப்போன சாமான் பைக்குள் மணி அடித்தது.

"மாவ்ஷி, வெளியே வாங்க, சீக்கிரம்," என்று இழுத்தேன். என்ன மொழியில் சொன்னேன் என்று நினைவில்லை. அவள் இடுப்பு சந்தில் அடைத்துக்கொண்டது. புடவைத் தலைப்பு உள்கதவில் எங்கோ சிக்கியிருந்தது. இழுத்தேன். வரவில்லை. என் பலத்துக்கெல்லாம் அவள் அசையவில்லை.

லிஃப்டின் மின்விசிறி நின்றது. விளக்கு அணைந்தது.

ஆஃப்.

இனி ஆன். அணைத்துவிட்டு இரண்டு மூச்சு பொறுத்துப் போடுவார்கள் எல்லா மிஸ்திரிகளும். இழுக்கவா, தள்ளவா? அவள் என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். நான் காப்பாற்றிவிடுவேன் என்று நம்பியிருந்த முகம்.

"அக்கா, கைய விடுங்க!" இருட்டுக்குள்ளிருந்து இசக்கி.

என்னால் முடியவில்லை. பிடித்த கையை விடுவது அவ்வளவு லேசா?

"விடுங்கங்கேன்!"

விட்டேன். அவன் அவள் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து உள்ளே இழுத்தான். அவள் தரையை நகத்தால் பிராண்டினாள். கத்தினாள். காலால் அவனை உதைத்தாள். வளையல்கள் தரை விளிம்பில் மோதி உடைந்தன. இரண்டு பேரும் உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.

விளக்கு எரிந்தது. மேலே பிரேக் விடுபடும் 'டக்' சத்தம். லிஃப்டின் கூரை விளிம்பு என் முகத்துக்கு எதிரே இறங்கியது. மெதுவாகத்தான் இறங்கியது. அவள் மார்பு கிடந்த இடத்தைத் தாண்டி, தரையை ஒட்டி உரசினாற்போல இறங்கி, கீழே போனது.

எனக்கு முன்னால் இருண்ட குழி. கிரீஸ் வாசனையும் ஈரக் காற்றும் முகத்தில் அடித்தன. அப்படியே பின்னால் ஊர்ந்து சுவரில் சாய்ந்தேன். உடைந்த பச்சை வளையல் துண்டு ஒன்று விளிம்பில் கிடந்தது. அவள் உயிரோடு இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது.

பத்தாவது மாடி

மிஸ்திரி வந்து மூடும்வரை யாரும் அந்த வாசலில் விழுந்துவிடக்கூடாதே என்று சாமான் பையைக் குறுக்கே தள்ளி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். பாதியிலேயே சத்தம் கேட்டது. மாவ்ஷியின் சத்தம். அந்த நிமிஷம் அந்த வசவுகளைவிட இனிமையாக எதுவும் என் காதில் விழுந்ததில்லை.

லிஃப்ட் பத்தாவது மாடியில் துளி பிசகாத மட்டத்தில் நின்றிருந்தது. வாசலில் கூட்டம். மாவ்ஷி குடையால் இசக்கியை விளாசிக்கொண்டிருந்தாள். அவள் தலைப்பு கிழிந்திருந்தது, மணிக்கட்டில் ரத்தம். இரண்டு வாலிபர்கள் அவன் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார்கள். வெளியே வந்துகொண்டிருந்தவளை இடுப்பைப் பிடித்து இருட்டுக்குள் இழுத்தானாம். கேட்பவர்களுக்கு அது வேறு எப்படித் தெரியும்? இசக்கியின் உதடு வீங்கியிருந்தது. அவன் தடுக்கவும் இல்லை.

"சோடோ உஸ்கோ! அவனை விடுங்க! இவன்தான் காப்பாத்தினான்!" என்று நடுவில் புகுந்தேன். யார் கேட்கிறார்கள்? ஒருவன் என்னையும் தள்ளினான்.

அந்த நேரம் பார்த்து மிஸ்திரி சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு படியில் இறங்கி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "சாலூ ஹோ கயா நா?" ஓட ஆரம்பித்துவிட்டது இல்லையா என்றார்.

எனக்கு வழி கிடைத்துவிட்டது. "இவர்தான்! மேலே ஒயர் போட்டு வச்சதும் இவர்தான், சுவிட்ச் போட்டதும் இவர்தான்!" என்று இந்தியில் கத்தினேன். பொய்யும் இல்லை. கூட்டம் அப்படியே அவர் பக்கம் திரும்பியது. மிஸ்திரியின் சிரிப்பு காணாமல் போனது. இசக்கியின் காலரை விட்டார்கள். சத்தமில்லாமல் அவனைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடலாம். அவன் வேலையும் பிழைக்கும், எங்கள் காலாவின் பேரும் பிழைக்கும். வா என்று கண்ணால் காட்டினேன்.

மாவ்ஷி குடையை இறக்கினாள். அவள் மட்டும் மிஸ்திரியைப் பார்க்கவில்லை. இசக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மராத்தியில் கேட்டாள்.

"துலா கஸ களல?" உனக்கு எப்படித் தெரிந்தது, அது இறங்கும் என்று?

பேசாமல் இரு என்று தலையை ஆட்டினேன். அவன் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் பேசினான்.

"மைனேச் லிக்கா ஹை, மாவ்ஷி." நான்தான் எழுதினேன் என்றான். கூட்டம் புரியாமல் நின்றது. அவன் லிஃப்டின் பொத்தான் பலகையைக் காட்டி, இந்தியிலும் தெரிந்த மராத்தியிலுமாகத் திக்கித் திக்கிச் சொன்னான். இதுக்குள்ளே இருக்கிற புரோகிராம் என்னோடது. கதவு திறந்திருக்கான்னு அது கேக்கும். பதில் வரலைன்னா மூடியிருக்குன்னு வச்சுக்கிட்டு இறங்கும். அப்படித்தான் எழுதி வச்சிருந்தேன். அதனால் தெரியும்.

"ஒயர்..." என்று நான் இழுத்தேன்.

"ஒயர் அவர் போட்டதுதான் அக்கா. போட்டாலும் நிக்கணும்னுதான அந்த வரியே இருக்கு. நிக்கலயே." இதை என்னிடம் தமிழில் சொன்னான். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றான், இனி அடிப்பதானால் அடிக்கட்டும் என்பது மாதிரி.

யாரும் அடிக்கவில்லை. மிஸ்திரியைப் பிடித்திருந்தவர்கள்கூடக் கையை எடுத்துவிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. பெருமையிலா, பயத்திலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மாவ்ஷி குனிந்து, சிதறிக் கிடந்த வெந்தயக்கீரையைப் பையில் அள்ளிப் போட்டாள். மணிக்கட்டு ரத்தத்தைத் தலைப்பால் அழுத்திக்கொண்டாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நடந்தவள், முதல் படியில் கால் வைத்துவிட்டு நின்று அவனைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

"அப்படின்னா ஒழுங்கா எழுது," என்றாள் மராத்தியில். "எனக்குப் பதினேழாவது மாடி. நாளைக்கும் இதிலேதான் ஏறணும்."